கறுப்புத் தாள் வைத்த உறை

செய்தி வந்தபோது காலை பத்து மணி இருக்கும். எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு குழந்தையின் பாதத்தைப் பிடித்து நாடித்துடிப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். நூர்ஜஹான் சிஸ்டரின் தம்பி போனில் பேசினார். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர்.

“அக்கா மௌத்தாயிட்டாங்க சார். லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். உங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு சொல்லிக்கினு இருந்தாங்க.”

சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். எழுந்து போய், சுவரில் இருந்த எக்ஸ்ரே விளக்குப்பெட்டியின் சுவிட்சைத் தொட்டேன். அது அணைந்துதான் இருந்தது. பக்கத்தில் நின்ற இளம் நர்சுகளுக்கு நான் ஏன் அதைத் தொட்டேன் என்று புரிந்திருக்காது. பழைய ஆட்களுக்குப் புரியும். இதைப் படிக்கிறவர்களில் சிலர் அந்தப் பழைய ஆட்கள்தான். உங்களுக்கும் தெரியாத ஒரு பகுதி உண்டு. அதைச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. தவறு என்னுடையது, கட்டடத்துடையது அல்ல.

எங்கள் பிரிவில் நூர்ஜஹான் சிஸ்டர் தலைமை நர்சாக இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். குள்ளமான உருவம், வேகமான நடை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் டாக்டர்கள் எல்லோரும் ஏதாவது வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவோம்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு வரும் ஒரு தொல்லையை முதலில் சொல்ல வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தைக்கு மூச்சு விடும் வேலை இல்லை. அதனால் ரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் தாண்டிச் செல்ல, இதயத்தை ஒட்டி ஒரு சிறு குழாய் இருக்கிறது. பிறந்த சில நாட்களில் அது தானே மூடிக்கொள்ளும். அவசரமாக வந்துவிட்ட குழந்தைக்குப் பல சமயம் மூடாது. ரத்தம் நுரையீரலுக்குள் வெள்ளமாய்ப் பாயும். இதை நான் படம் வரைந்து விளக்குவேன், பெற்றவர்கள் தலையாட்டுவார்கள், ஒன்றும் ஏறியிருக்காது. சிஸ்டர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். “வூட்டுக்குள்ள வந்ததும் பின்கதவைச் சாத்தணும் இல்ல? இது ஓடியாந்த அவசரத்துல சாத்தாம வந்துடிச்சி.”

அந்தக் கதவைச் சாத்த இரண்டு மருந்துகள் எங்களிடம் இருந்தன. இரண்டும் நீங்கள் காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் விழுங்குபவைதாம். ஒன்று இப்யூபுரோஃபென், மற்றது பாராசிட்டமால். முதலாவது சிறுநீரைக் குறைக்கும், சில குழந்தைகளுக்கு வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும் என்று எனக்குப் பயம். எனவே நான் பாராசிட்டமால் கட்சி. என்னோடு பணியாற்றிய இன்னொரு டாக்டர் எதிர்க்கட்சி. அது மெத்தனமான மருந்து, நாள்தான் வீணாகும் என்பார். இருவரும் தேநீர் ஆறிப்போகும்வரை சண்டை போடுவோம். ஒருநாள் சிஸ்டர் இடையில் வந்து, “நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, எனக்குத் தெரியாது. ஆனா உங்க டியூட்டி சார்ட்டைப் பாத்துதான் சார் புள்ளைங்களுக்கு மருந்து முடிவாவுது. திங்கக்கெழம பொறந்தா ஒண்ணு, செவ்வாக்கெழம பொறந்தா ஒண்ணு” என்றார். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

அந்த ஒரு பேச்சிலிருந்துதான் எங்கள் ஒப்பீடு பிறந்தது. முறைப்படி அனுமதி வாங்கினோம். எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து என்பதை நாங்கள் முடிவு செய்யக்கூடாது என்பதற்காக, வெளியூரில் இருக்கும் ஒருவர் குலுக்கல் முறையில் வரிசை போட்டு, மருந்தின் பெயரை உறைகளில் வைத்து ஒட்டி, எண் போட்டு அனுப்பினார். குழந்தை வந்ததும் வரிசைப்படி அடுத்த உறையைப் பிரிக்க வேண்டும். உள்ளே இருப்பது எதுவோ அதைக் கொடுக்க வேண்டும்.

இந்த வேலையின் பாரம் முழுக்க சிஸ்டர் தலையில்தான் விழுந்தது. சிறுநீர் குறைகிறதா என்று தெரிய வேண்டும். கட்டை விரல் அளவு பாதமுள்ள குழந்தைக்கு எதை வைத்து அளப்பது? பழைய வேட்டிகளைத் துவைத்து, சம சதுரமாக வெட்டி, உலர்ந்த எடையை மூலையில் எழுதிவைப்பார். நனைந்த பிறகு மறுபடி எடை. என் வீட்டிலிருந்தும் ஒரு மூட்டை வேட்டி வந்தது. எங்களுடையது வடக்கனந்தலில் நிலபுலம் உள்ள குடும்பம். “மிராசுதார் வேட்டியில மூத்திரம் பேயறதுக்கும் கொடுப்பினை வேணும்” என்று ஒவ்வொரு துண்டையும் விரிக்கும்போது சொல்வார். அம்மாக்கள் எல்லாம் சிரிப்பார்கள். அந்த அறையில் சிரிப்புக் கேட்பது அபூர்வம்.

பெற்றவர்களிடம் சம்மதம் கேட்பதும் அவர்தான். கல்வராயன் மலையிலிருந்து வந்த சடையன் என்பவரிடம் அவர் பேசியது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. சடையனின் மனைவி சின்னப்பொண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. மலைப்பாதை வளைவில் ஆம்புலன்சிலேயே பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோவுக்கும் குறைவு. இரண்டாம் நாள் நான் ஸ்கேன் செய்து பார்த்தேன். குழாய் அகலமாகத் திறந்திருந்தது.

“ரெண்டு மருந்து இருக்குதுங்க. எது நல்லதுன்னு டாக்டருங்களுக்கே இன்னும் தெரியல” என்றார் சிஸ்டர்.

சடையன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தெரியாம இன்னாங்க டாக்டரு?”

“அதான் கேக்கறேன் நானும். உங்க கோயில்ல பூப்போட்டுப் பாப்பீங்க இல்ல?”

“பாப்போங்க. வெதைக்கறதுக்கு முந்தி, பொண்ணு எடுக்கறதுக்கு முந்தி. வெள்ளப்பூ ஒரு பொட்டலம், செவப்புப்பூ ஒரு பொட்டலம்.”

“அது மாதிரிதான் இது. ஒண்ணே ஒண்ணு வித்தியாசம். அங்க சாமி பதில் சொல்லும். இங்க யாரும் பதில் சொல்லல. நாங்க எங்க இஷ்டத்துக்குச் சாஞ்சிடக் கூடாதுன்னுதான் பொட்டலம் கட்டி வெச்சிருக்கோம்.”

“யாரும் பிரிச்சுப் பாத்திருக்கக் கூடாதுங்க. பாத்துட்டு வெச்சா அது செல்லாது” என்றார் சடையன்.

“பாக்க மாட்டோம்” என்று சொன்னார் நூர்ஜஹான் சிஸ்டர். எங்கள் எல்லோர் சார்பிலும் சொன்ன வார்த்தை அது.

சிஸ்டரைப் பிரசவ அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போன பிறகு நான் உறைகள் இருந்த அலமாரியைத் திறந்தேன். அதற்கு முந்தைய வாரம் இப்யூபுரோஃபென் கொடுத்த ஒரு குழந்தைக்கு வயிற்றில் ரத்தம் கசிந்திருந்தது. அது பிழைத்துக்கொண்டது. நான்தான் அந்தப் பயத்திலிருந்து தேறவில்லை. சடையனின் மகள் அதைவிடச் சிறியவள். உறைகள் மெல்லிய பழுப்புத் தாளில் செய்தவை. அடுத்ததாக இருந்த பதினோராம் எண்ணை எக்ஸ்ரே விளக்குப்பெட்டியின் மேல் வைத்து விளக்கைப் போட்டேன். எழுத்துகள் நிழலாகத் தெரிந்தன. இப்யூபுரோஃபென். அதைத் திரும்ப வைத்துவிட்டு பன்னிரண்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். பாராசிட்டமால். பன்னிரண்டைப் பிரித்தேன். முதல் வேளை மருந்தை என் கையாலேயே மூக்கில் செருகியிருந்த குழாய் வழியாகக் கொடுத்தேன். அப்போது இதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் பாதி பயம், பாதி கர்வம்.

சிஸ்டர் திரும்பி வந்தார். சுவரைப் பார்த்தார்.

“லைட்டு எரிஞ்சிக்கினு இருக்குது சார். ஃபிலிம் ஒண்ணும் மாட்டலியே.”

அவர் அலமாரியைத் திறந்து பார்த்தார். “பதினொண்ணு இங்க இருக்குது. பன்னெண்டு எங்க?” குரல் தணிந்துவிட்டது.

“ரொம்பச் சின்னக் குழந்தை சிஸ்டர். நல்லதுக்குத்தான் பண்ணேன்.”

“எது நல்லதுன்னு தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சா இத்தினி கவரு எதுக்கு சார்?” கொஞ்சம் நிறுத்தினார். “இந்தப் புள்ளைக்குத் தயவு பண்ணீங்க. சரி. அடுத்தாப்ல வரப்போற புள்ளையோட கவரை எடுத்துத்தான பண்ணீங்க? அதுகிட்ட கேட்டீங்களா?”

நான் அந்த அடுத்த குழந்தையைப் பற்றி நினைக்கவே இல்லை. அது அன்றைக்கு யாருடைய வயிற்றிலோ இருந்தது.

“அப்பங்காரர்கிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. நோட்டுலயும் நீங்களே எழுதணும். எடம் வுட்டு வெக்கறேன்” என்றார். வேறு யாரிடமும் புகார் செய்யவில்லை.

அன்று நான் சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் குழந்தை கொஞ்சம் தெளிவாக இருந்தது. குழாய் மூடிக்கொண்டுவிட்டால் சொல்லவே வேண்டியிருக்காது என்று ஒரு அற்பக் கணக்கும் போட்டேன். மருந்து முடிந்ததும் மறுபடி ஸ்கேன் செய்தேன். குழாய் திறந்தே இருந்தது. அதற்கு அடுத்த நாள் காலை மூச்சுக்குழாய் வழியாக ரத்தம் வந்தது. எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம். மதியத்துக்குள் குழந்தை போய்விட்டது. சடையன் அவளைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு எனக்குக் கும்பிடு போட்டார். அந்தக் கும்பிட்டையும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் உறையைப் பார்த்தது அல்ல, இதுதான்.

அந்த வாரமே திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை வந்தது. நான் ஒதுக்கிவைத்த பதினோராம் உறை அவனுக்கு வந்தது. இப்யூபுரோஃபெனில் அவன் குழாய் மூடியது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறான். சடையனின் மகளுக்கும் அதைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. மூடியும் இறந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், மூடாமலே தேறியவர்களையும் பார்த்திருக்கிறேன். எந்த மருந்தும் கொடுக்காமல் காத்திருந்தாலே தானாக மூடிக்கொண்டதும் உண்டு. தெரியாது என்ற இந்தச் சொல்லோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

இரண்டு வாரம் கழித்து சிஸ்டர் என் மேசைக்கு வந்தார். “நாளைக்கு லீவு சொல்லிட்டேன். வெள்ளிமலை பஸ்சுல நீங்களும் வரீங்க” என்றார். வருகிறீர்களா என்று கேட்கவில்லை.

காலைப் பேருந்தில் சடையனின் ஊருக்குப் போனோம். மலை ஏறத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன். வளைவுகளால் அல்ல. சிஸ்டர் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்து, “மோந்துக்கினே வாங்க. வாந்தி எடுத்தா ஜன்னலுக்கு வெளிய எடுங்க, என் பொடவை புதுசு” என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மரவள்ளிக் கொல்லைகள் தாண்டி இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்தோம்.

சடையன் பாய் எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். விளக்குப்பெட்டி, பதினொன்று, பன்னிரண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பிரிச்சுப் பாத்துட்டீங்க.”

“ஆமாங்க.”

“அப்ப எம்புள்ளைக்குப் பூவே போடலன்னு ஆயிடுச்சிங்களே.”

சின்னப்பொண்ணு உள்ளேயிருந்து வந்து சிஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு மருந்தும் உறையும் வேண்டியிருக்கவில்லை. “எம்புள்ள கண்ணு தொறந்து பாத்துதாக்கா?” என்று கேட்டார்.

“பாத்துச்சிம்மா. துணி மாத்தும்போது ரெண்டு தரம். எங்கையைத்தான் பாத்துச்சி.”

சிஸ்டர் ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறவர் அல்ல என்பதை அந்தப் பெண் எப்படியோ தெரிந்துகொண்டிருந்தார். அவர் சிஸ்டரின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் புறப்படும்வரை விடவில்லை.

திரும்பும் பேருந்தில் கீழே சமவெளி தெரியத் தொடங்கியபோது சிஸ்டர் பையிலிருந்து ஒப்பீட்டுப் பதிவேட்டையே எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாத நோட்டு அது. மலைக்கே கொண்டுவந்திருக்கிறார். விட்டுவைத்த இடத்தைக் காட்டி, “இப்ப எழுதுங்க” என்றார். எழுதினேன். பேருந்தின் குலுக்கலில் எழுத்துகள் கோணலாக விழுந்தன. ஆஸ்பத்திரியில் போய் நேராக எழுதுகிறேன் என்றேன். “கோணலாவே இருக்கட்டும். நெசமா எழுதுனதுன்னு தெரியும்” என்றார்.

மறுநாள் அனுமதி கொடுத்தவர்களுக்கும் நடந்ததை எழுதி அனுப்பினேன். அவர்கள் கேட்ட கேள்விகளெல்லாம் எனக்குத் தகும். அந்த இரண்டு குழந்தைகளைப் பற்றியும் தனிக் குறிப்பு எழுதிய பிறகே ஒப்பீடு தொடர்ந்தது. சிஸ்டர் எக்ஸ்ரே அறைக்குப் போய், ஃபிலிம் அட்டைப்பெட்டிகளில் வரும் கறுப்புத் தாள்களைக் கேட்டு வாங்கி வந்தார். அவற்றை வெளியூருக்கு அனுப்பி, மீதி உறைகள் எல்லாவற்றையும் உள்ளே கறுப்புத் தாள் வைத்துப் புதிதாக ஒட்டித் தரச் சொன்னார். வந்ததும் ஒவ்வொன்றையும் விளக்குப்பெட்டியில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. “இப்ப சைத்தானே வந்து லைட்டு போட்டாலும் தெரியாது” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அது அவருடைய பண்பு.

ஒப்பீடு முடிந்தது. யார் ஜெயித்தது என்று கேட்பீர்கள். நானும் என் எதிர்க்கட்சிக்காரரும் அதே ஆவலோடுதான் இருந்தோம். எங்கள் ஒரு பிரிவின் குழந்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு இது மேல், அது கீழ் என்று சொல்ல முடியவில்லை. எனக்கு ஏமாற்றம். “இத்தனை பாடுபட்டு ஒண்ணும் தெரியல சிஸ்டர்” என்று சலித்துக்கொண்டேன். “தெரியும்னு சண்டை போட்டுக்கினு இருந்தீங்க. தெரியாதுன்னு இப்பத் தெரிஞ்சிது. கம்மியா அது?” என்றார்.

போன வருஷம் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. பரிசோதனை முடிவு வந்த உறையை என் அறைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிரிக்கவில்லை. “நீங்களே பாருங்க. பாத்துட்டுப் பாக்காத மாதிரி மட்டும் நிக்காதீங்க” என்றார்.

பிரித்துப் படித்தேன். எழுத்துகள் மங்கின. ஆனாலும் தள்ளிப்போடவில்லை. அந்த நிமிஷமே, அவர் முகத்தைப் பார்த்தே, புற்று என்றும் அது பரவிவிட்டது என்றும் சொன்னேன்.

“நாளு ஜாஸ்தியா, கம்மியா?”

“கம்மிதான் சிஸ்டர். எவ்வளவுன்னு தெரியல.”

அவர் தலையாட்டினார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். “தெரிஞ்ச வரைக்கும் சொன்னீங்க. போதும் சார்” என்றார். பிறகு குழந்தைகளுக்குத் துணி மாற்றும் நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். அவர் போன பிறகு நான் அழுதேன்.

சிகிச்சை நடந்த நாட்களில் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எலும்பும் தோலுமாக இருந்தார். குறும்பு மட்டும் இளைக்கவில்லை. “ரெண்டு மருந்துல எதுன்னு கேட்டேன். பெரிய டாக்டரு ஒடனே ஒண்ணைச் சொல்லிட்டாரு. அவரு டியூட்டி நாளு போல” என்றார். சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து வெகுநேரம் நிற்கவில்லை. தம்பி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

அடக்கத்தன்று கபர்ஸ்தானில் நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். கூட்டம் கலைந்தபோது வேப்பமரத்தடியில் ஒருவர் தனியாக நின்றார். தலை நரைத்திருந்தது. அடையாளம் தெரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. சடையன். சிஸ்டர் இத்தனை வருஷமும் அவர்கள் குடும்பத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவதாகப் பிறந்த மகன் எட்டாவது படிக்கிறான் என்றார்.

“அந்தம்மா சொல்லலன்னா அன்னிக்கு எங்க வூட்டுக்கு நீங்க வந்திருக்க மாட்டீங்க” என்றார்.

“வந்திருக்க மாட்டேங்க.”

அவர் புதிய மண்மேட்டைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார். “இப்பல்லாம் பாத்துட்டுத்தான் எடுக்கறீங்களா?”

“இல்லீங்க.”

“சரி” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்தின் பக்கம் நடந்தார்.

ஒப்பீடு முடிந்த நாளில் ஓர் உறை மிஞ்சியிருந்தது. சிஸ்டர் அதை என்னிடம் கொடுத்து, “வெச்சுக்கோங்க சார். பிரிக்காதீங்க” என்றார். கறுப்புத் தாள் வைத்து ஒட்டிய அந்த உறை இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இந்த மருந்துதான் சரி என்று எந்தத் தாயிடமாவது சொல்ல வாய் வரும்போது இழுப்பறையைத் திறந்து அதைத் தொட்டுக்கொள்கிறேன். அதற்குள் எந்த மருந்தின் பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, சிஸ்டர்.